சிங்கிங் பவுல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியான வகுப்புகளிலும் கிண்ணம் விற்கும் கடைகளிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்பவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே எழுதப்பட்டவை.

சிங்கிங் பவுல்னா என்ன? இது மணியா, பாத்திரமா?

மணிதான். கோயில் மணி மேலே தொங்கும், அதன் வாய் கீழே பார்க்கும். இது கீழே உட்கார்ந்திருக்கும், வாய் மேலே பார்க்கும். இரண்டிலுமே அதிர்வது விளிம்பு. அடிப்பாகம் ஏறக்குறைய அசையாது. அதனால்தான் கிண்ணத்தை மெத்தையிலோ உள்ளங்கையிலோ வைத்தாலும் ஒலி கெடுவதில்லை. விளிம்புப் பக்கம் விரல் பட்டால் உடனே அடங்கிவிடும்.

இதை ஒலிக்க வைக்க இரண்டு வழிகள் உண்டு. கட்டையால் தட்டலாம், அல்லது விளிம்பைச் சுற்றித் தேய்க்கலாம். பௌத்த வழிபாட்டில் நடப்பது பெரும்பாலும் முதல் வழிதான். இணையத்தில் அதிகம் பார்ப்பது இரண்டாவது.

திபெத் கிண்ணம்னு போட்டு விக்கிறாங்களே, திபெத் மடங்கள்ல இதைத்தான் அடிக்கிறாங்களா?

இல்லை. திபெத்திய வழிபாட்டில் லாமாவின் இடது கையில் இருப்பது திரில்பு என்ற கைமணி, வலது கையில் தோர்ஜே, அதாவது வஜ்ரம் என்ற சிறு உலோகக் கைக்கருவி. மணி ஞானத்துக்கும் வஜ்ரம் உபாயத்துக்கும் அடையாளம். இவற்றோடு டமரு, ரோல்மோ என்ற பெரிய ஜால்ரா, துங்சென் என்ற நீண்ட ஊதுகொம்பு, தோல்வாரில் கோத்த டிங்ஷா என்ற சிறு ஜால்ரா ஆகியவை உண்டு. அந்த வரிசையில் விளிம்பைத் தேய்த்து ஒலிக்கும் கிண்ணம் கிடையாது.

இன்று கடைக்கு வரும் கிண்ணங்களில் பெரும்பகுதி நேபாளத்தில், குறிப்பாகக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் தயாராகிறது. அந்தப் பகுதியில் வெண்கலக் கிண்ணம் காலங்காலமாக வீட்டில் புழங்கும் பாத்திரம். 1959க்குப் பிறகு திபெத்திய அகதிகள் நேபாளத்தில் குடியேறினார்கள். 1970களில் மேற்கத்தியப் பயணிகளும் இசைக்கலைஞர்களும் அங்கிருந்து கிண்ணங்களை வாங்கிப் போனார்கள். 'திபெத்' என்ற பெயர் அந்தச் சந்தையில் ஒட்டியது. பெயர் பிழை என்பதற்காகக் கிண்ணத்தைக் குறைத்து மதிக்க வேண்டாம். நேபாளக் கொல்லர்களின் வேலை உண்மையிலேயே உயர்ந்த வேலை, பெயரும் அவர்களுக்கே சேர வேண்டும்.

அப்போ பௌத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?

நிறைய இருக்கிறது, ஆனால் கிழக்கு ஆசியாவில். சீனம், ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளின் பௌத்தக் கோயில்களில் பெரிய கிண்ண மணி ஒரு பக்கமும் மர மீன் என்ற தாளக்கருவி மறுபக்கமும் இருக்கும். சூத்திரம் ஓதும்போது மர மீன் தாளம் பிடிக்கும். கிண்ண மணி தொடக்கம், முடிவு, வணங்கும் இடம் ஆகியவற்றைக் காட்டும். ஜப்பானில் பெரியதைக் கின்சு என்கிறார்கள். வீட்டுப் புத்த பீடத்தில் இருக்கும் சிறியது ரின். அதற்குக் கீழே ஒரு குட்டி மெத்தை, பக்கத்தில் ஒரு சிறு கோல் இருக்கும். தொயாமா மாநிலத்தின் தகஓகா நகரம் இந்த வழிபாட்டு உலோகப் பொருட்களுக்குப் பேர்போனது.

ஜப்பானில்கூட எல்லாப் பிரிவுக்கும் ஒரே வழக்கம் இல்லை. ஜோதோ ஷின்ஷுப் பிரிவில், கும்பிடும்போதெல்லாம் ரின் அடிக்கக் கூடாது, சூத்திரம் ஓதும்போது மட்டுமே அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். இலங்கை, மியான்மர், தாய்லாந்தின் தேரவாத மரபில் கிண்ண மணிக்கு இடமில்லை. அங்கே தொங்கும் மணியும் சேகண்டி போன்றவையும்தான்.

புத்த பிக்குகள் பிச்சை வாங்கற பாத்திரம்தானே இது?

விற்பனைக் குறிப்புகளில் அப்படி எழுதுகிறார்கள், ஆனால் பிக்குகளின் ஒழுக்க நெறியான விநய விதிகளே இதற்கு எதிராக இருக்கின்றன. பிக்குவுக்கு அனுமதிக்கப்பட்ட பாத்திரங்கள் இரண்டே: இரும்பு, மண். பொன், வெள்ளி, செம்பு, வெண்கலம், ஈயம், கண்ணாடி எல்லாம் பெயர் சொல்லி விலக்கப்பட்டவை. நம்முடைய கிண்ணம் வெண்கலம். மணிமேகலை ஏந்திய அமுதசுரபியை நினைத்துக்கொண்டு இதைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது பிச்சைப் பாத்திரம், இது மணி. இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

ஏழு உலோகம் கலந்தது, ஏழு கிரகத்துக்கு ஒண்ணுன்னு சொல்றாங்களே?

தங்கம், வெள்ளி, பாதரசம் என்று பட்டியல் நீளும். ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் கிடைப்பது செம்பும் தகரமும்தான். செம்பு 77 முதல் 80 விழுக்காடு, மீதி தகரம். மற்றவை இருந்தால் தாதுவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு அளவில்தான் இருக்கும். பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகும் உலையில் அது எப்படித் தங்கும்?

இதே கலவை தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கல்வட்டங்களிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் இதே போல் தகரம் அதிகம் சேர்த்து, காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்துச் செய்யப்பட்டவை. அவை மணிகள் அல்ல, தொழில்நுட்பம்தான் ஒன்று.

கையால அடிச்சதா, அச்சுல வார்த்த பித்தளையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் கையால் செய்வது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. செம்பையும் தகரத்தையும் உருக்கி வட்டத் தட்டாக வார்ப்பார்கள். தட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஒருவர் இடுக்கியால் பிடித்துத் திருப்ப, மூன்று நான்கு பேர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். சில அடிகளிலேயே சிவப்பு மங்கும், மறுபடி உலைக்குப் போகும். ஆறிய பிறகு அடித்தால் இந்தக் கலவை ஓடு மாதிரி உடையும். உருவம் வந்ததும் கடைசியாக ஒருமுறை சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பார்கள். தானாக ஆறவிட்டால் உள்ளே நொறுங்கும் தன்மையுள்ள படிகம் உருவாகிவிடும், தோய்த்தால் அது தடுக்கப்படும். இரும்பைத் தோய்த்தால் விறைக்கும், இந்த வெண்கலத்தைத் தோய்த்தால் தாங்கும் தன்மை வரும்.

இப்போது கிண்ணத்தைப் பாருங்கள். அடித்துச் செய்ததில் சுத்திக் குழிகள் ஒன்றுபோல் இருக்காது, உள்ளேயும் வெளியேயும் இருக்கும், விளிம்பின் தடிமனும் இடத்துக்கு இடம் லேசாக மாறும். வார்த்த பித்தளையில் குழிகள் வெளிப்புறம் மட்டும், அச்சடித்தது போல் வரிசையாக இருக்கும். கடைசிச் சோதனை காது. 12 செ.மீ. வெண்கலக் கிண்ணத்தை மெதுவாகத் தட்டினால் அமைதியான அறையில் அரை நிமிடத்துக்கு மேல் கேட்க வேண்டும். பித்தளை சீக்கிரம் செத்துவிடும்.

முதல் தடவை வாங்கறேன். எந்த சைஸ்?

தனியாக உட்காரும் ஒருவருக்கு 11 முதல் 13 செ.மீ. வாயகலம் போதும். எடை சுமார் 400 முதல் 600 கிராம் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும், தட்டவும் தேய்க்கவும் எளிது. 8 செ.மீ.க்குக் கீழே போனால் ஒலி கீச்சென்று இருக்கும், தேய்ப்பதும் கடினம். பதினைந்து இருபது பேர் உட்காரும் கூடத்துக்கு 18 செ.மீ.க்கு மேல் பாருங்கள்.

விட்டம் கூடினால் ஒலி தாழும், சுவர் தடித்தால் ஒலி ஏறும். ஆகவே படத்தையும் அளவையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முடிந்தால் கடையில் தட்டிப் பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் வாங்கப்போகும் அதே கிண்ணத்தின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். தட்டியதும் ஜிர்ரென்று நடுக்கம் கேட்டால் விரிசல் இருக்கலாம், வேண்டாம்.

எப்படிப் பிடிக்கணும், எங்க தட்டணும்?

எழுதாத கையை விரித்துத் தட்டையாக வையுங்கள். கிண்ணத்தின் அடி உள்ளங்கை நடுவில் உட்காரட்டும். விரல்கள் மேலே வளைந்து பக்கவாட்டைத் தொடக் கூடாது. சிறிய கிண்ணமாக இருந்தால் விரல் நுனிகளைக் குவித்து அதன்மேல் வைக்கலாம். மெத்தை வைத்தால், கிண்ணத்தின் அடி மட்டும் படும்படி அது சிறியதாக இருக்க வேண்டும். கிண்ணம் புதைகிற மாதிரி பெரிய தலையணை ஒலியை விழுங்கிவிடும்.

தட்டும் இடம் விளிம்புக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறம். துணியோ தோலோ சுற்றிய பகுதியால் தட்டுங்கள், பட்டவுடன் கோல் விலகிவிட வேண்டும். கோல் கிண்ணத்தில் தங்கினால் 'டக்' என்று மொட்டையாக நிற்கும். விளிம்பின் மேல்முனையில் வெறும் மரத்தால் அடித்தால் உலோகச் சத்தம்தான் முன்னால் வரும், நாளடைவில் விளிம்பும் கெடும். பலத்தைக் கூட்டுவதை விட கோலின் எடையை விழவிடுவது நல்ல பலன் தரும்.

விளிம்பைச் சுத்தித் தேய்ச்சா ஒண்ணு சத்தமே வரல, இல்லேன்னா கரகரன்னு வருது. என்ன தப்பு?

சத்தமே வராததற்குக் காரணம் பெரும்பாலும் விரல் பக்கவாட்டில் படுவது (மேலே சொன்னது), அல்லது விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது கிண்ணத்துக்குப் பொருந்தாத மெல்லிய கோல். முதலில் ஒரு முறை லேசாகத் தட்டிவிட்டு, அந்த ஒலி இருக்கும்போதே கோலை விளிம்பின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். ஏறக்குறைய நேராகப் பிடித்து, ஒரே அழுத்தத்தில், ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி என்ற கணக்கில் சுற்றுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் முழங்கையிலிருந்து அசைத்தால் அழுத்தம் மாறாது. அம்மிக் குழவியை இழுக்கும்போது மணிக்கட்டு இல்லை, முழுக் கைதானே வேலை செய்கிறது, அதுபோல.

கரகரப்பு நேர்மாறான பிரச்சினை. ஒலி வளர்ந்துவிட்டது, விளிம்பு பெரிதாக ஆடுகிறது, கோல் ஒட்டி நிற்க முடியாமல் துள்ளித் துள்ளி அடிக்கிறது. அழுத்தத்தைக் கூட்டி வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கோலை எடுத்துவிடுங்கள், ஒலி தானாக ஓடும். பதறி வேகமாகச் சுற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் காரியம். கீச்சென்ற மேல் ஒலி வந்தால் வெறும் மரத்துக்குப் பதில் தோல் சுற்றிய பக்கத்தால் தேய்த்துப் பாருங்கள், தாழ்ந்த ஒலி எழும்.

ஒரே சீரா இல்லாம வொய்ங் வொய்ங்னு ஏறி இறங்குதே, கிண்ணத்துல குறையா?

குறை இல்லை. தட்டும்போது வட்டமான விளிம்பு லேசான முட்டை வடிவமாக, முன்பின்னாகவும் இடவலமாகவும் மாறி மாறி நெளிகிறது. நான்கு இடங்கள் அதிகம் ஆடும், நடுவே நான்கு இடங்கள் ஆடாது. கையால் செய்த கிண்ணம் முழு வட்டமாகவோ ஒரே தடிமனாகவோ இருக்காது என்பதால் மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் ஒன்றாக எழும். அவை ஒன்றை ஒன்று கூட்டியும் குறைத்தும் அந்த அலை வருகிறது. 200, 201 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் விநாடிக்கு ஒரு அலை. தேய்க்கும்போது கதை வேறு. அந்த நான்கு இடங்களும் கோலோடு சேர்ந்து சுற்றுகின்றன, அதனால் ஒரு சுற்றுக்கு நான்கு முறை ஏறி இறங்கும்.

சுருதிப் பெட்டியோட சேர்த்து வாசிக்கலாமா?

அடி ஒலியை, அதாவது கிண்ணத்தின் ஆகத் தாழ்ந்த ஒலியை, ஒரு சுரத்தோடு பொருத்தலாம். ஆனால் கிண்ணத்தின் இரண்டாவது ஒலி அடி ஒலியைப் போல் சுமார் 2.7 மடங்கு. தம்பூராத் தந்தியில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக வரும். ஆகவே பக்கத்தில் வைத்தால் மேல் ஒலிகள் உரசும். கிண்ணத்தைத் தனியாகக் கேட்பதே நல்லது.

வீட்ல தியானத்துக்கு எத்தனை தடவை தட்டணும்?

ஜப்பானியப் பௌத்தப் பிரிவான ஸோட்டோ ஜென்னின் தியானக் கூடங்களின் கணக்கு எளிமையானது, வீட்டுக்கும் பொருந்தும். உட்காரத் தொடங்க மூன்று, நடைத் தியானம் தொடங்க இரண்டு, அமர்வை முடிக்க ஒன்று. இடையில் தட்டுவதில்லை. மூன்று முறை தட்டும்போது முந்தைய ஒலி நன்றாக மெலிந்த பிறகே அடுத்தது. முடிக்கும்போது தட்டியவுடன் எழ வேண்டாம், ஒலி தேயும்வரை அப்படியே இருங்கள்.

பிளம் வில்லேஜ்ல மணியை 'அடிக்கிறது'ன்னே சொல்ல மாட்டாங்களாமே, அங்க எப்படி?

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982இல் தென்மேற்குப் பிரான்சில் தொடங்கிய மடம் அது. அங்கே மணியை 'அழைப்பார்கள்'. முறையும் நுணுக்கமானது. மணியின் பொறுப்பாளர் முதலில் மணியை வணங்கி, சிறிய மணியாக இருந்தால் உள்ளங்கையில் ஏந்தி, மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டுத் தன்னைச் சமநிலைப்படுத்துவார். பிறகு கோலை விளிம்பில் தொட்டு அங்கேயே அழுத்தி நிறுத்துவார். 'டப்' என்ற அரை ஒலி மட்டும் வரும். இது எழுப்பும் ஒலி. பேசிக்கொண்டிருப்பவர்கள் வாக்கியத்தை நிறுத்தவும், மணியே திடுக்கிடாமல் இருக்கவும். ஒரு மூச்சு போனபின் முழு ஒலி. அதைக் கேட்டதும் எல்லோரும் செய்வதை நிறுத்தி மூன்று முறை நிதானமாக மூச்சு விடுவார்கள். அதன் பிறகே அடுத்த ஒலி அல்லது விட்ட வேலை.

வீட்டில் இதைச் செய்து பார்க்க எல்லோருக்கும் சொல்வோம். சாப்பிட உட்காரும் முன் ஒரு அரை ஒலி, ஒரு முழு ஒலி, மூன்று மூச்சு. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். குழந்தைகளிடம் கோலைக் கொடுங்கள், அவர்கள் பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்வார்கள்.

தியானம் முழுக்கத் தேய்ச்சுக்கிட்டே இருக்கலாமா? சவுண்ட் பாத்ல அப்படித்தானே?

சவுண்ட் பாத் என்பது படுத்துக்கொண்டு பல கிண்ணங்களின் ஒலியைக் கேட்கும் அண்மைக்கால வழக்கம். அது இளைப்பாறல், அதில் தவறொன்றும் இல்லை. பௌத்தத் தியானத்தில் மணி எல்லையைக் காட்டுகிறது, அல்லது அலையும் மனதைத் திருப்பி அழைக்கிறது. நாமே தேய்த்துக்கொண்டிருந்தால் கவனம் முழுவதும் அழுத்தத்திலும் வேகத்திலும் போய்விடும்.

ஒலியையே தியானப் பொருளாக வைக்க விரும்பினால் ஒருமுறை தட்டி, அது கேட்காமல் போகும் இடம்வரை பின்தொடருங்கள். 'இப்போது முடிந்துவிட்டது' என்று நினைத்த பிறகும் இரண்டு மூன்று விநாடி மெல்லிய இழை இருப்பது தெரியும். ஐந்து முறை இப்படிக் கேட்டுவிட்டு மூச்சுக்கு மாறலாம்.

நோய் குணமாகுமா? ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கிண்ணம்னு செட்டா விக்கிறாங்களே?

கிண்ண ஒலியைக் கேட்டபின் பதற்றமும் இறுக்கமும் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. 2017இல் வெளியான அடிக்கடி காட்டப்படும் ஆய்வில் 62 பேர் இருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்ததன் பலன் எவ்வளவு, ஒலியின் பலன் எவ்வளவு என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. மனம் தளர்வது உண்மை. அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்து மருந்தை நிறுத்தச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஏழு சக்கரத்துக்கு மேற்கத்திய இசையின் ஏழு சுரங்களைப் பொருத்தியது இருபதாம் நூற்றாண்டு ஏற்பாடு. மேலே சொன்னபடி ஒரு கிண்ணத்திலேயே பல ஒலிகள் எழுகின்றன. அதை ஒரே சுரம் என்று முத்திரை குத்துவதே சரியில்லை.

உடம்பு மேல வெச்சுத் தட்டறாங்களே, ஆபத்தா?

ஆரோக்கியமானவருக்கு, ஆடையின் மேல், மென்மையாகத் தட்டினால் பிரச்சினை இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். தலையில் கவிழ்த்துத் தட்டுவதும் காதருகே தட்டுவதும் யாருக்குமே வேண்டாம்.

கிரிஸ்டல் கிண்ணமும் இதே மாதிரிதானா?

வேறு. கணினிச் சில்லுக்கான சிலிக்கனை உருக்கும் குவார்ட்ஸ் கொப்பரையிலிருந்து பிறந்தது அது. பௌத்தத்தோடு தொடர்பில்லை. ஒலி தூய்மையாகவும் மிக உரக்கவும் இருக்கும், சிறிய அறையில் காதை உறுத்தும். கைதவறினால் உடையும்.

தண்ணி ஊத்தித் தேய்ச்சா துள்ளுதே, அது எப்படி? கிண்ணத்துக்குக் கெடுதலா?

விளிம்பு நெளியும்போது அதிகம் ஆடும் நான்கு இடங்களில் நீர் தள்ளப்பட்டு அலை எழுகிறது, ஆட்டம் வலுத்தால் துளிகள் பிய்ந்து தெறிக்கின்றன. 2011இல் தெனி தெர்வாஞ், ஜான் புஷ் என்ற ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்து விளக்கினார்கள். நீர் சேர்ந்தால் ஒலி தாழும். கெடுதல் இல்லை, முடிந்ததும் உடனே துடைத்துவிடுங்கள். உப்பு நீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும்.

பூஜை அறையில வெச்சுக்கலாமா? புளி போட்டுத் தேய்க்கலாமா?

வைக்கலாம். எண்ணெயும் கற்பூரப் புகையும் படாத இடமாக இருக்கட்டும். விளிம்பில் பிசுக்கு ஏறினால் என்ன ஆகும் என்று தேய்க்கும் கேள்வியில் பார்த்தோம்.

வழக்கமான பராமரிப்புக்கு உலர்ந்த பருத்தித் துணி போதும். பச்சை படிந்திருந்தால் புளியை நீர்க்கக் கரைத்து, துணியில் தொட்டு ஓரிரு நிமிடம் துடைத்து, நல்ல நீரில் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். குத்துவிளக்குக்குச் செய்வது போல் உப்புச் சேர்க்க வேண்டாம், வெண்கலத்தை உப்பு அரிக்கும். ஸ்டீல் நாரும் தேய்க்கும் பொடியும் கூடவே கூடாது. பழைய கிண்ணத்தின் கருமையை விட்டுவிடுங்கள், அது அழுக்கல்ல. ஜப்பானிய ரின் முலாம் பூசியதாக இருந்தால் புளி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

முன்ன மாதிரி ஒலிக்க மாட்டேங்குது. உடைஞ்சிருக்குமா?

முதலில் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, வேறு மெத்தையில் வைத்துத் தட்டுங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே தீரும். மெத்தை அமுங்கிப் பக்கச் சுவரைத் தொட்டிருக்கும், அல்லது கோலில் சுற்றிய தோல் பிரிந்திருக்கும். உள்ளே கல், மோதிரம் எதுவும் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் ஜிர்ரென்றால் விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். மயிரிழை போல ஒரு கோடு விளிம்பிலிருந்து கீழே இறங்கியிருந்தால் அது விரிசல். கல் தரையில் விழுந்த கிண்ணங்களில் பெரும்பாலும் இதுதான். பற்றவைத்தால் அந்தச் சூட்டில் உலோகத்தின் பதம் மாறிவிடும் (தோய்ப்பது ஏன் என்று மேலே சொன்னது நினைவிருக்கும்), ஒலி திரும்பாது. பாத்திரக் கடையில் பழைய வெண்கலமாக எடைக்குப் போடலாம், உருக்கி வேறு பாத்திரமாக வார்ப்பார்கள்.